சொல்லித் தொலைங்கப்பா!

ஜப்பான் ரொமான்டிக் காமெடி அனிமே, மாங்கா... ஒரு ரசிகையின் அதிரடித் தீர்ப்புகள்!

அவனுக்கு அவளைப் பிடிச்சிருக்கு. அவளுக்கும் அவனைப் பிடிச்சிருக்கு. இது மொத்த க்ளாஸுக்கும் தெரியும், ஸ்கூல் வாட்ச்மேனுக்குத் தெரியும், ஸ்க்ரீனுக்கு இந்தப் பக்கம் மேகி தட்டோட உட்கார்ந்திருக்கிற நமக்கும் தெரியும். தெரியாத ஜீவன்கள் ரெண்டே ரெண்டுதான்... அவனும் அவளும்! அதை அவங்க தெரிஞ்சுக்கிறதுக்கு 25 எபிசோட் ஆகும். சில பேருக்கு 25 வால்யூம். ஒரு ஜோடிக்கு ஏழு வருஷம்!

எங்க ஹாஸ்டல்ல அனிமே பார்க்கிறவங்க ரெண்டு கட்சி. வாள், ரத்தம், பேய், பூதம்னு பார்க்கிறவங்க ஒரு கட்சி. அவங்கதான் மெஜாரிட்டி. எங்க கட்சி சிறுபான்மை. ‘அதான் ரெண்டு பேருக்கும் பிடிச்சிருக்கே, சொல்லித் தொலைய வேண்டியதுதானே? இதுக்கு எதுக்குடி மூணு சீஸன்?’ என்று நாள் தவறாமல் கேட்கிறார்கள். ஒரு சண்டைக்கு முன்னாடி ரெண்டு எபிசோட் முழுக்க முறைச்சுப் பார்த்துட்டே நிக்கிற ஹீரோக்களை ரசிக்கிறவங்க கேட்கிற கேள்வியா இது? போகட்டும். பதில் சொல்லிடலாம்.

முதல்ல இந்த ‘சொல்றது’ன்னா என்னன்னு புரிஞ்சுக்கணும். ஜப்பான்ல அதுக்குப் பேரே உண்டு... ‘கொகுஹாகு’. நேருக்கு நேரா நின்னு, ‘உங்களைப் பிடிச்சிருக்கு, என்னோட பழகுவீங்களா?’ என்று கேட்பது. ஸ்கூல் மொட்டை மாடி, ஜிம்னாஸியம் பின்பக்கம், ஷூ லாக்கர்ல லெட்டர்... இதெல்லாம் அதற்கான பாரம்பரிய ஸ்பாட்டுகள். கேட்ட அடுத்த நொடியிலிருந்து ஒண்ணு நீங்க ஜோடி, இல்லைன்னா ‘மன்னிச்சுடுங்க’. நடுவுல ‘பார்க்கலாம்’, ‘ஃப்ரெண்ட்ஸா இருக்கலாம், அப்புறம் யோசிக்கலாம்’ என்ற ஜவ்வு மிட்டாய் கதையெல்லாம் பொதுவா கிடையாது. அதனால்தான் இவ்வளவு பயம். பரீட்சை மாதிரி. எழுதிட்டா ரிசல்ட் வந்தே தீரும்!

பெயர் விஷயம் இன்னொண்ணு. அங்கே க்ளாஸ்மேட்டையே குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, பின்னாடி ஒரு ‘சான்’ சேர்த்து. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா நெருங்கிட்டாங்கன்னு அர்த்தம். ஹீரோ முதன்முதலா ஹீரோயினை முதல் பெயரில் கூப்பிடறதுக்காக ஒரு முழு எபிசோட் செலவாகும். வெளியூர்க்காரங்களுக்கு இது சப்பை மேட்டரா தெரியலாம். நமக்குப் புரியும் பாஸ்! ‘நீங்க’ என்பது ‘நீ’ ஆகி, ‘நீ’ என்பது ‘டா’ ஆகிற அந்த ஒரு நொடியில் நம்ம ஊர்லயும்தானே வயித்துக்குள்ள லிஃப்ட் இறங்குது!

அப்புறம் சாக்லேட். ஜப்பான் காதலர் தினத்துல பொண்ணுங்கதான் பசங்களுக்கு சாக்லேட் கொடுப்பாங்க. அதுலயும் ரெண்டு ரகம். மனசாரக் கொடுக்கிறது ‘ஹொன்மெய்’, மரியாதைக்காகக் கொடுக்கிறது ‘கிரி’. வாங்கின பசங்க சரியா ஒரு மாசம் கழிச்சு, மார்ச் 14-ம் தேதி ‘வெள்ளை தினம்’ அன்னிக்கு பதில் பரிசு கொடுக்கணும். 1980-லிருந்து மிட்டாய் வியாபாரிகள் கிளப்பிவிட்ட பழக்கம் இது. தனக்குக் கிடைச்சது ஹொன்மெய்யா, கிரியா என்று ஒரு பையன் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற காட்சி இல்லாத ஸ்கூல் ரொமான்ஸ் தொடரை நான் இதுவரை பார்த்ததில்லை!

ஸ்டான்ஃபோர்டு சீட் கிடைச்சாலும்...

இந்த பயத்தையே முழுநீளக் காமெடியாக்கினவர் ஆகா அகாசாகா. 2015-ல் தொடங்கி 2022-ல் 28 வால்யூமோட முடிஞ்ச ‘ககுயா-சாமா: லவ் இஸ் வார்’ அவரோட மாங்கா. கோடீஸ்வரக் குடும்பத்துப் பொண்ணு ககுயா ஷினோமியா. ஸ்டூடண்ட் கவுன்சில் தலைவர் மியுகி ஷிரோகானே, பகுதி நேர வேலை பார்த்துப் படிக்கிற ஏழை வீட்டுப் பையன். ரெண்டு பேரும் மேதைகள். ரெண்டு பேருக்கும் ஒரே கொள்கை... யார் முதல்ல காதலைச் சொல்றாங்களோ அவங்க தோத்துட்டாங்க! எனவே எதிராளியைச் சொல்ல வைக்க வேண்டும். முதல் சண்டையே ரெண்டு சினிமா டிக்கெட்டை வெச்சுத்தான். ‘போலாமா?’ன்னு கேட்கிறவங்க அவுட். ஒரு டிக்கெட்டுக்குப் பின்னால் ராணுவத் தளபதி ரேஞ்சுக்கு வியூகம் வகுப்பாங்க. கிரிக்கெட் கமென்டரி மாதிரி ஒரு குரல் பின்னணியில் ஆவேசமா விளக்கம் கொடுத்து, கடைசியில் யாருக்கு வெற்றி, யாருக்குத் தோல்வின்னு அறிவிக்கும். நடுவுல ஃபுஜிவாரான்னு ஒரு அப்பாவி (?) பொண்ணு புகுந்து மொத்த வியூகத்தையும் காலி பண்ணிடும். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சது நிஜம்.

ஆனா அகாசாகா கில்லாடி. சிரிக்க வெச்சுக்கிட்டே கீழே ஒரு நிஜமான விஷயத்தை ஓட்டிட்டு வர்றார். இந்த ரெண்டு பேரும் ஏன் சொல்ல மாட்டேங்கிறாங்க? ககுயாவுக்கு, யாரையும் நம்பாதேன்னு சொல்லி வளர்த்த வீடு. ஷிரோகானேவுக்கு, நான் சாதாரணமா இருந்தா என்னை யாருக்கும் பிடிக்காது, ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்கினாத்தான் மதிப்பு என்கிற பயம். தூங்காம படிச்சு கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த அந்த மூஞ்சியை எங்க டிபார்ட்மென்ட்ல தினமும் நாலு பேர்கிட்ட பார்க்கிறேன். 2022-ல் வந்த மூன்றாவது சீஸன் முடிவுல அவனுக்கு ஸ்டான்ஃபோர்டுல சீட்டே கிடைச்சுடும். அப்பவும் வாயைத் திறந்து நேரடியா சொல்ல வரலை! பள்ளி விழா ராத்திரியில் ஏகப்பட்ட பிரமாண்டத்தோட சுத்தி வளைச்சுத்தான் சொல்லி முடிக்கிறான். அதுக்கப்புறம்தான் கதை நிஜமா சூடு பிடிக்குது என்பது என் கட்சி. முதல் முத்தத்துக்குப் பிறகு, ‘நாம காட்டின கெத்தான முகத்தைத்தானே அவங்களுக்குப் பிடிச்சுது, நிஜ முகத்தைக் காட்டினா?’ன்னு ரெண்டு பேரும் தவிப்பாங்க. அதை மட்டும் வெச்சு அதே வருஷ டிசம்பர்ல ஒரு படமே எடுத்துட்டாங்க.

முதல் சீஸன்ல வாணவேடிக்கை எபிசோடை மட்டும் தனியா ஒரு தரம் பாருங்க. வீட்டுல அடைச்சு வெச்ச பொண்ணு, டாக்ஸி பிடிச்சு வந்து கூட்டிப்போற பையன், ஊரைத் தாண்டிப் பறக்கிற கார். கடைசியில் வானத்துல அத்தனை வெளிச்சம் வெடிக்கும்போது அவ பார்க்கிறது வானத்தை இல்லை. எதைன்னு நான் சொல்லணுமா?

ஜவ்வுக்குக் காரணம் போஸ்ட் கார்டு!

சரி, எல்லாத் தாமதமும் கலைநயம்னு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். பாதிக்கு மேல வியாபாரம். மாங்கா முதல்ல வருவது வாராந்தர, மாதாந்தரப் பத்திரிகைகளில். ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ மாதிரி பத்திரிகைக்குள்ள வாசகர்களுக்கு ஒரு சர்வே கார்டு இருக்கும். எந்தத் தொடர் பிடிச்சுதுன்னு எழுதிப் போடணும். வோட்டு விழாத தொடர் சில மாசத்துலயே ஊத்தி மூடப்படும். வோட்டு விழற தொடரை முடிக்க மனசு வராது. காதல் கதைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேற என்ன இருக்கு? ஜோடி சேர்ந்துட்டா கதை முடிஞ்சுதுன்னு ஒரு நினைப்பு. அதனால் சேரவிடக் கூடாது. அவன் சொல்ல வாயெடுக்கும்போது ரயில் போகும், பட்டாசு வெடிக்கும், காத்தடிக்கும். அவளுக்குக் காது கேட்காது. எங்க ஹாஸ்டல்ல காமன் ரூமே சேர்ந்து கத்தும்... ‘ஏய், ரயில் வருது பாரு’ன்னு!

நவோஷி கோமியோட ‘நிசெகோய்’ இதுக்கு சரியான உதாரணம். சின்ன வயசுல ஒரு பொண்ணுகிட்ட கொடுத்த வாக்கு, பையன் கழுத்துல பூட்டு, பொண்ணுகிட்ட சாவி. யார் அந்தப் பொண்ணு? ஆரம்பம் அட்டகாசம். ஆனா 2011-லிருந்து 2016 வரை 25 வால்யூமுக்கு அந்தப் பூட்டைத் திறக்காமலேயே இழுத்தா, ஒரு கட்டத்துல சுத்தியலை எடுத்து நாமே உடைச்சுடலாமான்னு தோணுது. புதுசா ஒரு சாவி, அப்புறம் இன்னொரு சாவி... போங்கப்பா!

இதே புதிர் ஆட்டத்தை அழகா ஆடினவர் நெகி ஹருபா. ‘த குவின்டெசென்ஷியல் குவின்டப்லெட்ஸ்’ல ஒரே மாதிரி இருக்கிற ஐந்து சகோதரிகள், அவங்களுக்கு ட்யூஷன் எடுக்கிற ஒரு ஏழைப் பையன். முதல் அத்தியாயத்துலயே அவனுக்குக் கல்யாணம். மணப்பெண் அஞ்சு பேர்ல ஒருத்தி. யாருன்னு மட்டும் சொல்ல மாட்டார். 14 வால்யூம்ல நறுக்குன்னு முடிச்சும் விட்டார். பதில் எனக்குப் பிடிக்கலை. ஆனா முடிச்சதுக்கு ஒரு சல்யூட்.

அனிமேக்கு வேற கொடுமை. பெரும்பாலும் ஒரு சீஸன்னா 12, 13 எபிசோட். மாங்காவோட பாதிக் கதையில் கொண்டுவந்து நிறுத்திட்டு ‘மீதியைப் புத்தகத்துல படிச்சுக்கோ’ன்னு போயிடுவாங்க. ‘கரே கானோ’வை இன்னும் என்னால மன்னிக்க முடியலை. மசாமி சுதாவோட மாங்கா 21 வால்யூம். 1998-ல் அதை அனிமேயாக எடுத்தவர் ‘எவாஞ்செலியன்’ ஹிடெயாகி அன்னோ. க்ளாஸ் ஃபர்ஸ்ட் பொண்ணு, வெளியில மகாலட்சுமி, வீட்டுல பழைய ட்ராக் சூட்டோட திரிகிற புகழ் வெறி பிடிச்ச பிசாசு. அந்த ரகசியம் போட்டிக்காரப் பையனுக்குத் தெரிஞ்சுபோகுது. என்ன ஒரு ஆரம்பம்! சீக்கிரமே ஜோடியும் சேர்ந்துடுவாங்க. போகப்போக அசையாத படங்களா வரும், ஒரு எபிசோட்ல குச்சியில ஒட்டின காகித பொம்மைகளை ஆட்டியே கதை சொல்வாங்க. வினோதமா இருந்தாலும் அதுவும் எனக்குப் பிடிச்சிருந்தது. ஆனா 26-வது எபிசோட்ல அந்தரத்துல விட்டுட்டாங்களே... அதுதான் தாங்கலை.

172-ம் 156-ம்

என்னோட ஆல் டைம் ஃபேவரிட்டுக்கு வர்றேன். ‘லவ்லி காம்ப்ளெக்ஸ்’. அயா நகஹாரா 2001-லிருந்து 2006 வரை எழுதினது, 17 வால்யூம். 2004-ல் ஷோகாகுகான் மாங்கா விருது வாங்கினது. 2007-ல் அனிமே, 24 எபிசோட். ரிசா கொய்சுமி 172 சென்டிமீட்டர். அட்சுஷி ஒடானி 156 சென்டிமீட்டர். ஒரே க்ளாஸ், ஓயாத சண்டை. ஒசாகாவுல பிரபலமான ஒரு நெட்டை-குட்டை காமெடி ஜோடியோட பேரை ஸ்கூலே சேர்ந்து இவங்களுக்கு வெச்சிருக்கு.

என் உயரம் 5 அடி 8 அங்குலம். ரிசாவும் நானும் ஏறக்குறைய ஒரே உசரம். எட்டாவது படிக்கும்போதே க்ரூப் போட்டோவுல பின் வரிசை, பசங்களுக்கும் பின்னாடி. ‘இதோட நிறுத்திக்கடி, அப்புறம் மாப்பிள்ளையை எங்க போய்த் தேடறது?’ன்னு அத்தை ஒருத்தங்க எந்தக் கல்யாண வீட்டுல பார்த்தாலும் சொல்வாங்க, ஏதோ வளர்றது என் கன்ட்ரோல்ல இருக்கிற மாதிரி! ஹீல்ஸ் போட்டதில்லை. தோளைக் குறுக்கி நிக்கிற பழக்கம் வந்துடுச்சு. ஸ்கூல்ல ஒரு பையன்கூட பேசிட்டு நின்னா ‘அக்காவும் தம்பியும்’னு கமென்ட் வரும். இப்படி ஒரு பொண்ணை எந்த சினிமாவுலயும் ஹீரோயினா நான் பார்த்ததில்லை. தூர தேசத்துல, எனக்குத் தெரியாத மொழியில ஒருத்தங்க வரைஞ்சு வெச்சிருந்தாங்க. முதல் எபிசோட்ல ரிசா வாயை அகலத் திறந்து கத்தறதைப் பார்த்ததுமே ‘ஹே... இது நான்!’

ரிசா அழகுப் பதுமை கிடையாது. கோணல் மாணலா மூஞ்சியை வெச்சுக்குவா, பாயில உருளுவா, வீடியோ கேம் காதலனுக்காக உருகுவா. ஒசாகா பேச்சு வேற. டோக்கியோவோட டிப்டாப் ஜப்பானீஸ் இல்லை, அசல் கான்சாய் வட்டார வழக்கு. அந்த ஊர்ப் பேச்சுன்னாலே ஜப்பான்ல காமெடியன்கள்தான் ஞாபகத்துக்கு வருவாங்க. சப்டைட்டில்ல இந்த ருசி மொத்தமும் காணாமப் போயிடுது. இப்போ சில அனிமேக்களுக்குத் தமிழ் டப்பிங்கே வந்துடுச்சு இல்லையா? இதை யாராவது டப் பண்ணினா தயவுசெய்து மதுரைத் தமிழ்ல பண்ணுங்க சாமி!

ஆரம்பத்துல ரிசாவுக்குப் பிடிச்சது வேற ஒரு பையனை, ஒடானிக்குப் பிடிச்சது வேற ஒரு பொண்ணை. ‘நீ எனக்கு உதவு, நான் உனக்கு உதவறேன்’னு ஒப்பந்தம். அந்த ரெண்டு பேரும் ஜோடி சேர்ந்துட, இந்த ரெண்டு பேரும் அம்போ. ஆனா போகப்போக ஒண்ணு தெரியுது. ரெண்டு பேருக்கும் ஒரே பாடகர் மேல பைத்தியம், ஒரே மாதிரி ஜோக், ஒரே மாதிரி கோபம். ரிசாவுக்குத் தன் மனசு புரிஞ்சு ஒருவழியா சொல்லிடறா. அவன் ஜோக்குன்னு நினைச்சுடறான். மறுபடி சொல்றா. அவன் ‘இல்லை’ன்னுடறான். அழுது வீங்கின கண்ணோட அடுத்த நாள் ஸ்கூலுக்கு வர்றா. மறுபடியும் முயற்சி பண்றா.

இந்த இடத்துலதான் எனக்கும் ரூம்மேட்டுக்கும் சண்டை. ‘இதையே ஒரு பையன் பண்ணினா நீ என்ன சொல்வே?’ன்னு கேட்டா. நியாயமான கேள்வி. எங்க தோழி ஒருத்திக்கு நடந்தது ரெண்டு பேருக்குமே ஞாபகம் இருக்கு. ஒரு சீனியர் வந்து சொன்னார். அவ தெளிவா வேண்டாம்னுட்டா. அப்புறம் மூணு மாசம் தினமும் பஸ் ஸ்டாப்ல நின்னார். அவரோட கூட்டாளிங்க ‘எவ்ளோ ட்ரூவா லவ் பண்றான் பாரு’ன்னு இவகிட்டயே வந்து சொன்னாங்க. அவ ரூட்டை மாத்தி, ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்ப ஆரம்பிச்சா. நம்ம சினிமா ஹீரோக்கள் பாதிப்பேர் செய்யறதைத்தானே அவரும் செஞ்சார்?

நான் ரிசாவை முழுசா ஜாமீன்ல எடுக்க மாட்டேன். அவ சில இடத்துல ஓவராத்தான் போறா. ஆனா கதை அவளை சும்மா விடலை. அவ கோபத்துக்கும் அசட்டுத்தனத்துக்கும் பின்னாடி ஒடானியோட சங்கடத்தையும் காட்டுது. நல்ல சிநேகிதியை இழந்துடுவோமோன்னு அவன் குழம்பறதுக்கும் இடம் கொடுக்குது. அவனுக்கு அவளைப் பார்த்து பயம் இல்லை. அவன் ரூட்டை மாத்தலை. ரூம்மேட் இன்னும் ஒத்துக்கலை. ஒத்துக்க வேண்டாம், எபிசோட் பார்க்க வந்துடறாளே, அது போதும்!

‘இல்லை’ன்னு சொன்னவங்க

‘இல்லை’க்கு மரியாதை கொடுத்த தொடர்னா மறுபடி ககுயாகிட்டதான் போகணும். அதுல இஷிகாமின்னு ஒரு ஜூனியர் பையன். முடி முகத்தை மறைக்கும், யார்கிட்டயும் ஒட்ட மாட்டான். மிடில் ஸ்கூல்ல ஒரு பொண்ணைக் காப்பாத்தப் போய், அந்தப் பொண்ணையே துரத்தித் தொல்லை கொடுத்தான்னு பழி விழுந்து முடங்கிக்கிடந்தவன். ரெண்டாவது சீஸன்ல விளையாட்டு விழா எபிசோடைப் பார்த்துட்டு எங்க ரூம்ல யாரும் அரை மணி நேரம் பேசலை. அவனுக்கு சீனியர் சுபாமே மேல காதல். (மாங்கா படிக்காதவங்க அடுத்த ரெண்டு வரியைத் தாண்டிடுங்க!) நிறைய யோசிச்சு, அவன் நல்லவன்னு முழுசாத் தெரிஞ்சும், அவ கடைசியில் மறுத்துடுவா. அவன் அழுவான். ஆனா அவளை யாரும் வில்லியாக்கலை, அவனும் தேவதாஸ் ஆகலை. எந்திரிச்சு வர்றான்.

தோத்துப்போன பொண்ணுங்களுக்கும் ஒரு தொடர் இருக்கு. இந்த ஜானர்ல ஹீரோவுக்குக் கிடைக்காம போற பொண்ணுங்களை ‘தோற்ற நாயகிகள்’னே ரசிகர்கள் கூப்பிடுவாங்க. டகிபி அமமோரி 2021-லிருந்து எழுதின ‘மகெய்னே’ நாவல்கள் முழுக்க அவங்களைப் பத்திதான். 2024-ல் 12 எபிசோட் அனிமேயா வந்தது. முதல் காட்சியில் சின்ன வயசு சிநேகிதனை இன்னொருத்திகிட்ட அனுப்பி வெச்சுட்டு, அவன் குடிச்சுட்டுப் போன டம்ளர் ஸ்ட்ராவை எடுத்து உறிஞ்சுவா யானாமி அன்னா. அதைப் பக்கத்து டேபிள் பையன் பார்த்துடுவான்! அப்புறம் எபிசோடுக்கு எபிசோட் எதையாவது தின்னுக்கிட்டே இருப்பா. சோகத்துல பசிக்காதுன்னு சொல்ற கவிஞர்கள் எல்லாம் எங்க மெஸ்ஸுக்கு ஒரு தரம் வந்து பார்க்கணும்.

இதே ஜானர்ல எனக்கு ஒத்துவராததும் உண்டு. கென் அகமட்சுவோட ‘லவ் ஹினா’. 1998-லிருந்து 2001 வரை 14 வால்யூம், அந்தக் காலத்துல சூப்பர் டூப்பர் ஹிட். டோக்கியோ யுனிவர்ஸிட்டி நுழைவுத் தேர்வுல மறுபடி மறுபடி கோட்டை விடுற பையன், லேடீஸ் ஹாஸ்டலுக்கு மேனேஜரா வர்றான். தடுக்கி விழுவான், விழற இடம் எப்பவும் ஒரு பொண்ணு மேல. கதவைத் திறப்பான், உள்ளே யாராவது குளிச்சுக்கிட்டிருப்பாங்க. உடனே அவ ஒரு குத்து விட, அவன் ஆகாயத்துல பறப்பான். பத்து தரம் பார்த்தா சிரிப்பு போயிடுது. லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கிற ஒருத்தியா, கதவு திறக்கிற அந்த ‘காமெடி’யை என்னால ரசிக்க முடியலை, ஸாரி. (அகமட்சு 2022-ல் தேர்தல்ல நின்னு ஜப்பான் நாடாளுமன்ற மேலவை உறுப்பினராவே ஆயிட்டார் என்பது கொசுறுத் தகவல்!)

ஒரு வீடு, ஒரு போன், ஏழு வருஷம்

லவ் ஹினாவுக்கு முன்னாடியே ஒரு நுழைவுத் தேர்வு மாணவனையும் ஒரு பழைய வீட்டையும் வெச்சு, இந்த ஜானர்லயே பெஸ்ட் கதையை ரூமிகோ தகஹாஷி எழுதிட்டார். ‘உருசெய் யட்சுரா’, ‘ரன்மா 1/2’ எழுதினவர். ‘மேஸோன் இக்கோகு’, 1980-லிருந்து 1987 வரை, 15 வால்யூம். 1986-லிருந்து 1988 வரை 96 எபிசோட் அனிமே. எனக்கு இதை அறிமுகப்படுத்தின சீனியர் அக்கா ‘பழசுன்னு நினைக்காதே, படி’ன்னு மட்டும்தான் சொன்னாங்க.

யூசாகு கொடாய் நுழைவுத் தேர்வுல ஃபெயிலாகி, பழைய மரவீட்டு அபார்ட்மென்ட்டுல தங்கி மறுபடி படிக்கிறவன். படிக்கத்தான் விட மாட்டாங்க. பக்கத்து ரூம்காரங்க இவன் ரூமுக்கு வந்துதான் தண்ணியடிப்பாங்க. ஒருத்தர் சுவத்துல ஓட்டை போட்டே வருவார்! வெறுத்துப்போய் காலி பண்ணக் கிளம்புற அன்னிக்கு புது மேனேஜரா வந்து நிக்கிறா க்யோகோ ஒடோனாஷி. பெட்டியைத் திரும்ப உள்ளே வெச்சுடறான்.

க்யோகோ இவனைவிட ரெண்டு வயசு பெரியவ. இளம் விதவை. கல்யாணமாகி சில மாசத்துலயே கணவர் சொய்சிரோ இறந்துட்டார். அவளோட நாய்க்குப் பேரும் சொய்சிரோதான். இந்தத் தொடர்ல கொடாய்க்கு நிஜமான போட்டி யாருன்னு நினைக்கிறீங்க? பணக்கார, அழகான டென்னிஸ் கோச் மிடாகா ஒருத்தர் இருக்கார்தான் (நாயைக் கண்டா அலறுவார்!). ஆனா போட்டி அவரோட இல்லை, இறந்துபோனவரோட. அந்த சொய்சிரோவோட முகத்தைக் கடைசிவரை தகஹாஷி காட்டவே மாட்டார். போட்டோவுலகூட நிழல் விழுந்திருக்கும். உயிரோட இருக்கிறவனை ஜெயிக்கலாம். முகமே இல்லாதவரை எப்படி ஜெயிக்கிறது?

இதுல காலம் நகரும். அதான் எனக்கு ஆச்சரியம். மத்த தொடர்கள்ல மூணு வருஷ ஸ்கூல் வாழ்க்கை முப்பது வருஷம் ஓடும். இங்கே கொடாய் ஒரு சுமார் காலேஜ்ல சேர்றான், படிச்சு முடிக்கிறான், வேலை தேடறான். சேர வேண்டிய கம்பெனி திவாலாகுது! ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தும் ஜாய்னிங் டேட் வராம எங்க சீனியர்ஸ் சில பேர் வீட்டுல உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவ நான். அந்த அத்தியாயத்தைப் படிக்கும்போது காமெடி மாங்கா படிக்கிற உணர்வே இல்லை. குழந்தைகள் காப்பகத்துல பார்ட் டைம் வேலை, அதுவும் போய், ஒரு கேபரேல வேலை செய்ற பெண்களோட குழந்தைகளைப் பார்த்துக்கிற வேலை. அங்கேதான் தனக்கு எது வருதுன்னு அவனுக்கே தெரியுது. குழந்தைகளைப் பார்த்துக்கிற ஆசிரியருக்கான தேர்வுக்குப் படிக்க ஆரம்பிக்கிறான். ‘வேலை கிடைச்சாத்தான் அவகிட்ட கேட்பேன்’ என்கிற அவனோட பிடிவாதம் அசட்டுத்தனமா, சுயமரியாதையா? இன்னும் முடிவு பண்ண முடியலை.

மொத்த வீட்டுக்கும் ஒரே போன்தான். யார் எடுத்தாலும் சேதி அரைகுறையா போய்ச் சேரும், பாதிக் குழப்பம் அதனால்தான். செல்போன் வந்ததும் இந்தக் கதையெல்லாம் செத்துடும்னு நினைச்சேன். 2017-ல் வந்த ‘சுகி கா கிரெய்’ பார்த்ததும் நினைப்பை மாத்திக்கிட்டேன். கவாகோயே ஊர், மிடில் ஸ்கூல் கடைசி வருஷம், ரெண்டு கூச்ச சுபாவிகள். நேர்ல பார்த்தா வாயே வராது, எல்லாம் ‘லைன்’ ஆப்புல மெசேஜ்தான். டைப் பண்ணி, அழிச்சு, மறுபடி டைப் பண்ணி... படிச்சுட்டாங்கன்னு காட்டுது, பதில் வரலை. ஒரே போன் இருந்தப்போ வந்த அதே தவிப்பு, இப்போ ஆளுக்கொரு போன்ல! தலைப்போட அர்த்தம் ‘நிலா அழகா இருக்கு’. ‘ஐ லவ் யூ’வை இப்படித்தான் மொழிபெயர்க்கணும்னு எழுத்தாளர் நட்சுமே சோசெகி சொன்னதா ஜப்பான்ல ஒரு கதை உண்டு. அவர் சொன்னதுக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனா பொய்யா இருந்தாலும் விட மனசு வராத பொய்!

மேஸோன் இக்கோகு முடிவைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லணும். ஸ்பாய்லர் பிடிக்காதவங்க அடுத்த பாராவுக்குத் தாவிடுங்க. கொடாய் அந்த சொய்சிரோவோட கல்லறைக்குத் தனியா போய் நின்னு பேசுவான். க்யோகோ மறைவா நின்னு கேட்பா. அவரை மறந்துடுன்னு அவளைக் கேட்க மாட்டேன், அவளுக்குள்ள நீங்க இருக்கிறதோடயே சேர்த்து அவளை ஏத்துக்கறேன் என்கிற அர்த்தத்துல அவன் சொல்வான். அவளும் அவன்கிட்ட கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்... எனக்கு அப்புறம் ஒரே ஒரு நாளாவது கூடுதலா உயிரோட இருன்னு. ஏழு வருஷம் இழுத்தது எதுக்குன்னு அந்த இடத்துல எனக்குப் புரிஞ்சுது. அவளுக்கு அவ்வளவு நாள் தேவைப்பட்டிருக்கு.

எஞ்சினீயரிங் மூளைகளுக்கு ஒரு குட்டிப் புதிர்: இந்தத் தொடர்ல முக்கியமானவங்க குடும்பப் பெயர்கள்ல எல்லாம் ஜப்பானிய எண் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. இச்சினோசெ ஒண்ணு, நிகாய்டோ ரெண்டு, மிடாகா மூணு, யோட்சுயா நாலு, கொடாய் அஞ்சு... க்யோகோவுக்கு என்ன தெரியுமா? பூஜ்யம்!

சேர்ந்ததுக்கு அப்புறம்?

சேர்ந்தா கதை முடிஞ்சுதுன்னு நினைக்கிற ஆட்களுக்கு ‘ஹோரிமியா’வைப் போட்டுக் காட்டணும். 2021-ல் வந்த 13 எபிசோட். க்ளாஸ்ல கண்ணாடி போட்ட அமைதிப் பையன் மியாமுரா, வெளியில உடம்பெல்லாம் டாட்டூ. ஸ்கூல்ல ஸ்டைலா இருக்கிற ஹோரி, வீட்டுல தம்பியைப் பார்த்துக்கிட்டு சமைக்கிற பொண்ணு. பாதித் தொடருக்குள்ளயே சேர்ந்துடுவாங்க. அப்புறம் என்ன கதை? அவ வீட்டுல அவன் சாப்பிடறது, அவ அப்பா அவனை வம்புக்கு இழுக்கிறது, சின்னச் சின்ன பொறாமை... அதுதான் கதை. ‘வோட்டகோய்’ இன்னும் ஒரு படி மேல. 2018, 11 எபிசோட்தான். ஆபீஸ் போற நாலு பேர், எல்லாரும் மாங்கா, கேம் பைத்தியங்கள், முதல் எபிசோட்லயே டீல் முடிஞ்சுது. வேலை முடிஞ்சு களைச்சு வந்து ஒரே சோபாவுல ஆளுக்கொரு கேம் ஆடிக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. அதைப் பார்த்து நான் பெருமூச்சு விட்டேன்னு சொன்னா எங்கம்மா நம்ப மாட்டாங்க.

‘டொரடோரா’வை எங்கே வைக்கிறதுன்னு தெரியலை. 2008-ல் ஆரம்பிச்ச 25 எபிசோட். முரட்டுப் பார்வை கொண்ட, ஆனா துடைப்பமும் கையுமா திரியற ரியூஜி. குட்டையா இருந்தாலும் புலி மாதிரி பாயற டைகா. ஒருத்தரோட நண்பர் மேல இன்னொருத்தருக்குக் காதல். 19-வது எபிசோட்ல, கிறிஸ்துமஸ் ராத்திரி, அவனை அவனுக்குப் பிடிச்ச பொண்ணுகிட்ட அனுப்பி வெச்சுட்டு, அப்புறம்தான் தனக்கு என்ன ஆச்சுன்னு புரிஞ்சு வெறுங்காலோட தெருவுக்கு ஓடுவா டைகா. அங்கேயே தொடர் முடிஞ்சிருந்தாலும் நான் கும்பிட்டிருப்பேன். கடைசி ரெண்டு எபிசோட்ல திடீர்னு ஊரை விட்டு ஓட்டம், பிரிவு, திரும்பி வர்றதுன்னு அவசர அவசரமா ஓடினது எனக்கு ஒட்டலை. இதுக்கு என்னை அடிக்க வர்றவங்க வரிசையில வாங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்க எதுலேருந்து தொடங்கலாம்னு கேட்டா... சிரிக்கணும்னா ககுயா. ஒரே ராத்திரியில் முடிக்கணும்னா வோட்டகோய். உங்க உயரத்தைப் பத்தி ஊர்ல யாராவது வாயடிச்சா லவ்லி காம்ப்ளெக்ஸ். மேஸோன் இக்கோகு 96 எபிசோட், அதனால செமஸ்டர் லீவுக்கு எடுத்து வெச்சுக்குங்க. ஸ்டடி ஹாலிடேஸ்ல மட்டும் தொட்டுடாதீங்க. பக்கத்து ரூம்காரங்க உங்க ரூமுக்கு வந்துதான் பார்ப்பாங்க, கொடாய் கதிதான் உங்களுக்கும்!